சுண்ணாம்புச் சுவர் வீட்டில் கைவினைப் பரிசுக் கடை

கொங்கு ஊர்களில் பழைய ஓட்டு வீட்டைக் கடையாக்குகிறவர்கள் முதலில் கெடுப்பது சுவரைத்தான். சுண்ணாம்புக் காரைக்கு மேல் சிமெண்ட் பூச்சோ பிளாஸ்டிக் பெயிண்டோ கூடவே கூடாது. உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பி, பொரிந்து உதிரும். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, நீர்க்கக் கரைத்து 3 கோட்டிங் அடியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாள் காயட்டும்.

டிரில் போட்டால் காரை பொலபொலவென்று கொட்டும், ஆணி நிற்காது. தரையில் தனியாக நிற்கும் மர அலமாரியே நல்லது. சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

பவானி ஜமக்காளத்தைச் சுருட்டி வையுங்கள். மடித்தே கிடந்தால் மடிப்புக் கோட்டில் நூல் நைந்துவிடும். ஒன்றை மட்டும் விரித்துத் தொங்கவிடுங்கள், கரையைத் தடவிப் பார்க்காமல் யாரும் வாங்கமாட்டார்கள். சென்னிமலைப் போர்வைகள் முற்றத்து வெயில் படாத பக்கம். விலைச் சீட்டில் நெய்த ஊர், அளவு, கைத்தறியா விசைத்தறியா என்பது கட்டாயம். உடைந்த ஓடுகளை ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.