பொலோனியாவில் ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாடு: சித்தி, சித்தப்பாவோடு போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து மிலானுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வெனிஸ் போக வேண்டும். போகட்டும், படகு பார்க்கட்டும். சாப்பிட என்று ஒரு ஊருக்குக் கூட்டிப் போவதென்றால் நான் பொலோனியாவுக்குத்தான் டிக்கெட் எடுப்பேன். மிலான் சென்ட்ராலே ஸ்டேஷனில் ஃப்ரெச்சாரோஸா என்கிற அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சனிக்கிழமை காலை கிளம்பி, இரவு தங்கி, ஞாயிறு திரும்பலாம்.

பெரிய சாப்பாட்டைச் சனிக்கிழமை மதியமே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று மணிக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். வியாழக்கிழமையே போன் செய்து மேசை பிடித்துவிடுங்கள். பெயர் கேட்பார்கள். நம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பொறுமை போய்விடும். நான் 'ரீட்டா' என்று சொல்லிவிடுவேன்.

மதியச் சாப்பாடு பொதுவாகப் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிட்டு இரவுக்குத்தான் திறப்பார்கள். "இப்பதானே டிபன் சாப்பிட்டோம், கொஞ்சம் சுத்திட்டு வரலாம்" என்று சித்தப்பா சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒரு மணிக்கு மேசையில் இருக்க வேண்டும்.

எந்தக் கடை? ஊர் நடுச் சதுக்கமான பியாஸ்ஸா மஜ்ஜோரேயைச் சுற்றி, வாசலில் சாப்பாட்டுப் படம் ஒட்டி, ஆள் நின்று கூப்பிடுகிற இடங்களைத் தாண்டிப் போங்கள். பலகையில் 'ஸ்பகெத்தி போலொனேஸே' என்று இருந்தால் அது வெளியூர்க்காரர்களுக்காக எழுதியது. இந்த ஊரில் ராகு என்கிற இறைச்சிக் குழம்பு தால்யத்தெல்லேயோடுதான் சேரும். மாவும் முட்டையும் பிசைந்து, நீள உருளைக்கட்டையால் தேய்த்து, நாடாவாக வெட்டுவது அது. வெந்த நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-ல் முடிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரி செய்து, ஊர் வர்த்தக சபையில் வைத்திருக்கிறார்கள். 1982-ல் ராகுவின் செய்முறையையும் அங்கேயே பதிவு செய்தார்கள். சாப்பாட்டுக்குப் பதிவாளர் ஆபீஸ் வைத்த ஊர் என்றால் சித்தப்பாவுக்குத் தனி மரியாதை வந்துவிடும். ஆனால் ராகுவில் மாட்டிறைச்சி உண்டு, பன்றியும் உண்டு. இதை ஆர்டர் செய்வதற்கு முன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

மெனுவில் ஆந்திபாஸ்தி (முன்கொறிப்பு), ப்ரீமி, செகோந்தி (இறைச்சி, மீன் மாதிரி), கோந்தோர்னி, தோல்ச்சி (இனிப்பு) என்று ஐந்து பகுதி இருக்கும். ஐந்தையும் வாங்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு ப்ரீமோ, அதாவது பாஸ்தாவோ சூப்போ. நடுவில் பகிர இரண்டு கோந்தோர்னோ, அதாவது காய்கறி. கடைசியில் ஒரு இனிப்பு. நமக்கு இதுவே தாராளம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டுவர "துத்தோ இன்சியேமே" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் காய்கறி, பாஸ்தாத் தட்டை எடுத்த பிறகுதான் வரும். பகிர்ந்து சாப்பிட வெறும் தட்டு கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் நாலு பேர் உட்கார்ந்து இரண்டு பாஸ்தா வாங்கினால் பரிமாறுகிறவர் முகம் மாறும். சனிக்கிழமை மதியம் அந்த மேசைக்கு அவரிடம் வேறு ஆள் காத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது.

இனி சைவம். இதில்தான் கவனம் வேண்டும். பொலோனியா பன்றியை வைத்தே பெயரெடுத்த ஊர், மொர்த்ததெல்லா என்கிற பன்றித் தொத்திறைச்சி பிறந்த இடம். "வெஜிடேரியன்" என்றால் தலையாட்டுவார்கள், ஆனால் எலும்புச் சாறு பலர் கணக்கில் இறைச்சி இல்லை. அதனால் பட்டியல் போட்டுச் சொல்லுங்கள்: "நியென்தே கார்னே, நியென்தே பெஷ்ஷே, நியென்தே ப்ரோதோ தி கார்னே." இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சிச் சாறு வேண்டாம். ரிசோத்தோ என்கிற குழைந்த சோறு, சூப் இரண்டுக்கும் இந்த மூன்றாவது வரி அவசியம்.

தொர்த்தெல்லினி என்றால் விரல் நுனி அளவு, உள்ளே பன்றி. தொர்த்தெல்லோனி என்றால் அதைவிடப் பெரியது, உள்ளே பொதுவாக ரிகோத்தா பாலாடைக்கட்டி. ஓர் எழுத்துதான் வித்தியாசம், விரலை வைத்துக் காட்டியே ஆர்டர் செய்யுங்கள். பச்சை நிறத்தில் இருந்தால் கீரைதானே என்று நம்பிவிடாதீர்கள். பலன்சோனி என்கிற பச்சைத் தொர்த்தெல்லோனிக்குள் ரிகோத்தாவோடு மொர்த்ததெல்லாவும் இருக்கும். வெங்காயமும் தக்காளியும் மணிக்கணக்கில் வதக்கிய ஃப்ரிஜ்ஜோனே பார்க்க நம் தொக்குதான், ஆனால் பல இடங்களில் பன்றிக்கொழுப்பில் செய்வார்கள். உப்பலாகப் பொரித்து வருகிற க்ரெஷெந்தீனேவும் அப்படித்தான். "ச்சே ஸ்த்ரூத்தோ?", பன்றிக்கொழுப்பு இருக்கிறதா, என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முட்டை இன்னொரு வழக்கு. இந்த ஊர்க் கைப்பாஸ்தாவுக்கு நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பதுதான் கணக்கு. முட்டை ஆகவே ஆகாது என்றால் 'பாஸ்தா செக்கா', காய்ந்த பாஸ்தா, தக்காளிக் குழம்போடு கேளுங்கள். மெனுவில் உணவுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள் இருக்கும். ஐரோப்பியச் சட்டப்படி சொல்லியாக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களின் எண்கள் அவை. முட்டையும் பாலும் அதில் வரும், இறைச்சி வராது. பாஸ்தா மேல் துருவிப் போடுகிற பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள், விதியே அதுதான். தீவிர சைவருக்கு "சென்ஸா பார்மிஜானோ", பார்மிஜானோ இல்லாமல், என்று சொல்லுங்கள். எங்கள் சித்தி கேக் சாப்பிடுவார், ஆம்லெட் சாப்பிட மாட்டார். சீஸ் எப்படி உறைகிறது என்று சொன்னேன். "பால்தானடி, விடு" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

அவருக்கு நான் சொன்னது தொர்த்தெல்லோனி புர்ரோ எ சால்வியா. வெண்ணெயும் செயிஜ் இலையும், வேறொன்றும் இல்லை. மஞ்சள் பொட்டலங்கள் ஏழெட்டு, அடியில் பொன்னிறமாக உருகிய வெண்ணெய், மேலே மொறுமொறுவென்று பொரிந்த இலை. சித்தி அந்த இலைகளைக் கறிவேப்பிலை மாதிரி பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கினார்.

"அதையும் சாப்பிடணும் சித்தி."

"இலையையா?"

ஒன்றைக் கடித்தார். பிறகு என் தட்டிலிருந்ததையும் எடுத்துக்கொண்டார்.

காரம் கேட்பார்கள். பெப்பெரோன்சீனோ, அதாவது மிளகாய் எண்ணெய் இருந்தால் வரும், ஆனால் வெண்ணெய் பாஸ்தாவில் அதை ஊற்றினால் இரண்டும் கெடும். கைப்பையிலிருக்கும் பருப்புப்பொடியை ராத்திரி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புக்கு தோர்த்தா தி ரீஸோ இருந்தால் அதையே வாங்குங்கள். அரிசி, பால், பாதாம் போட்ட கேக், பெரியவர்களுக்குச் சட்டென்று பிடித்துவிடும்.

தண்ணீர் பாட்டிலில்தான் வரும். 'நத்துராலே' சாதாத் தண்ணீர், 'ஃப்ரிஸ்ஸாந்தே' சோடா மாதிரி. காபி இனிப்புக்குப் பிறகு, தனியாக. சாப்பாட்டுக்கு மேல் கப்புச்சீனோ கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் பாலுக்கு ஏங்குகிற சித்தப்பாவுக்கு மாக்கியாத்தோ போதும். ஒரு சொட்டுப் பால் நுரை இருக்கும்.

பில்லைக் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள். விரட்டுவது மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள். "இல் கோந்தோ, பெர் ஃபவோரே" என்றால் வரும். அதில் 'கோபெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். மேசை விரிப்பு, ரொட்டிக்கான காசு. மெனுவில் எழுதியிருந்தால் சண்டை போட இடமில்லை, பார்த்துவிட்டே உட்காருங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, நான் சில்லறையை விட்டுவிட்டு வருவேன்.

சாப்பிட்டது செரிக்க வேண்டும் என்றால் போர்த்தா சரகோஸா என்கிற பழைய நகர வாசலிலிருந்து குன்றின் மேலுள்ள சான் லூக்கா மாதா கோயில் வரை கூரை போட்ட மண்டபப் பாதை இருக்கிறது, 666 வளைவுகள், ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர். கடைசிப் பாதி நல்ல ஏற்றம். மூட்டுவலிக்காரர்களைப் பியாஸ்ஸா மஜ்ஜோரேயிலிருந்து கிளம்புகிற சின்னச் சுற்றுலா ரயில்வண்டியில் ஏற்றிவிட்டு நீங்கள் நடங்கள். ராத்திரிக்கு யாருக்கும் பசிக்காது, அதற்கு மேசை பிடிக்க வேண்டாம்.