பத்மினியைத் தினமும் ஓட்டலாமா?

பிரீமியர் பத்மினி என்ற பழைய காரை வாங்கித் தினமும் ஓட்டலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறதா? டூவீலராக இருந்தாலும் போதும். பத்மினி மெக்கானிக்கிடம் நிற்கும் நாளிலும் வேலைக்குப் போயாக வேண்டுமே. இருக்கிறது என்றால் தயங்காமல் வாங்கலாம். மயிலாப்பூரிலிருந்து கிண்டி போய்வர அந்த 1089 சிசி இன்ஜின் இன்றைக்கும் தாராளம். என்னுடைய 1986 மாடல் அந்த வேலையைத்தான் செய்கிறது.

பெயின்ட், குரோம், சீட் கவர் எல்லாம் அப்புறம். முதல் செலவு பிரேக்குக்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழைய வண்டிகளில் பிரேக் ஆயிலுக்குப் பெரும்பாலும் ஒரே லைன்தான்; எங்கே ஒழுகினாலும் மொத்தமாகப் பிடிக்காமல் போய்விடும். அதனால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் மூன்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே இறங்கினாலும் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

அடுத்தது பெட்ரோல் லைன். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், விரிசல் விடும். ஹோஸையும் இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் (உள்ளே இருக்கும் சவ்வு) எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்துப் போடுங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை சாவியைத் தொட வேண்டாம்.

மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும்போது லைனிலேயே பெட்ரோல் ஆவியாகி இன்ஜின் அணைந்துபோவது உண்டு. ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்சம் பொறுத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். கோடைக்கு முன்பே ரேடியேட்டரைச் சுத்தம் செய்து எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை நன்றாகக் குறையும். தீப்பொறிக்கான பழைய கான்டாக்ட் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுவதும் நல்லது. காலையில் ஸ்டார்ட் ஆவதில் வித்தியாசம் தெரியும்.

ஆர்.சி. விஷயத்தில் கவனம். 15 வருஷம் தாண்டிய காருக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்னும் பழைய ஃபியட் 1100 வைத்திருந்தால், 50 வருஷம் கடந்த வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவு ஆசை காட்டும். 2021-ல் வந்த விதிப்படி அந்தப் பதிவில் இருக்கும் காரைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஆபீஸுக்குப் போக முடியாது. சாதாரணப் பதிவையே விடாமல் புதுப்பியுங்கள்.

ஸ்பேருக்குச் சென்னையின் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து ட்யூன் பண்ணத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. காரைத் தேடும் முன் அப்படி ஒரு மெக்கானிக்கைத் தேடுங்கள். பிடித்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அவரையே அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

இவ்வளவு பிடித்த வண்டியாக இருந்தும், குழந்தைகளைத் தினமும் பள்ளியில் விட நான் இதை எடுப்பதில்லை. ஏர்பேக் கிடையாது, பின் சீட்டில் பெல்ட்டும் கிடையாது. அதற்குப் புது கார்தான்.