கேம் கன்சோல் வாங்கப் போகிறீர்களா? முதலில் சேமிப்பகக் கணக்கைப் போடுங்கள்

அக்கா மகனுக்கு முதல் கன்சோல் வாங்கியபோது எனக்கு இந்தக் கணக்குத் தெரியாது. "எத்தனை கேம் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்" என்று விற்பனையாளர் சொன்னார். இருப்பதிலேயே குறைந்த சேமிப்பகம் கொண்ட மாடலை எடுத்துக்கொண்டு வந்தோம். நான்காவது கேமை ஏற்றும்போது, இடம் போதவில்லை என்ற செய்தி திரையில் வந்து நின்றது. பிறந்தநாள் பரிசாக வந்த கேமைத் திறக்க, அவன் பாதி முடித்திருந்த இன்னொன்றை நீக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பையனின் முகம் வாடியதைப் பார்த்த அன்று மாலைதான், ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். வாங்குவதற்கு முன்பே அரை மணி நேரம் ஒதுக்கி அதைச் செய்திருக்கலாம். அன்று போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விளக்கம். கன்சோல் பெட்டியில் 10 ஜிபி, 16 ஜிபி என்று ஓர் எண்ணும், 512 ஜிபி, 1 டிபி என்று இன்னோர் எண்ணும் காணப்படலாம். சிறிய எண் ரேம். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம் அது. பெரிய எண்தான் கேம்கள் தங்கியிருக்கும் சேமிப்பகம். நாம் பார்க்க வேண்டியது அதைத்தான். 1 டிபி என்பது 1000 ஜிபி.

படி 1: பெட்டியில் உள்ள எண்ணிலிருந்து உண்மையில் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

512 ஜிபி என்று எழுதியிருந்தால் 512 ஜிபி அளவுக்குக் கேம் வைக்க முடியாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். பல கருவிகள் உள்ளுக்குள் 1024-இன் மடங்குகளில் எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் 1 டிபி 931 ஜிபியாகவும், 512 ஜிபி ஏறத்தாழ 477 ஜிபியாகவும் சுருங்குகிறது. இரண்டாவது, கன்சோலை இயக்கும் மென்பொருளும் அதே சேமிப்பகத்தில்தான் குடியிருக்கிறது. விளையாட்டை நிறுத்திய இடத்திலிருந்து சட்டென்று தொடரும் வசதி போன்றவற்றுக்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்.

2020 நவம்பரில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷன் 5-இல் 825 ஜிபி என்று போட்டிருந்தது. கேம்களுக்குக் கிடைத்தது சுமார் 667 ஜிபி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் 1 டிபியில் சுமார் 802 ஜிபி மிஞ்சும். அதே சமயத்தில் வந்த சீரிஸ் எஸ்ஸின் 512 ஜிபியில் மிஞ்சியது சுமார் 364 ஜிபிதான். விகிதத்தைக் கவனியுங்கள். சிறிய சேமிப்பகத்தில் இழப்பு அதிகம் உறுத்தும், ஏனென்றால் இயக்க மென்பொருள் எடுத்துக்கொள்ளும் இடம் பெரிய மாடலுக்கும் சிறிய மாடலுக்கும் பெரிதாக மாறுவதில்லை.

ஒரே பெயரில் வெவ்வேறு அளவுகள் விற்பனைக்கு வருவதையும் நினைவில் வையுங்கள். சீரிஸ் எஸ்ஸுக்கே 512 ஜிபி மாடலும் உண்டு, 2023-இல் வந்த 1 டிபி மாடலும் உண்டு. பிளேஸ்டேஷன் 5-இன் ஒல்லியான வடிவம் 1 டிபியோடும், புரோ வடிவம் 2 டிபியோடும் வந்தன. பெயரை மட்டும் கேட்டு வாங்காமல், பெட்டியில் அச்சிட்ட அளவை உங்கள் கண்ணால் பாருங்கள்.

படி 2: ஒரே நேரத்தில் உள்ளே இருக்க வேண்டிய கேம்களைப் பட்டியல் போடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும், "நான் மொத்தம் எத்தனை கேம் வாங்குவேன்?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கேள்வி தேவையில்லாமல் பயமுறுத்தும், தேவைக்கு மேல் செலவு செய்ய வைக்கும். முடித்துவிட்ட கேமை நீக்கிவிடலாம், பிறகு எப்போது வேண்டுமானாலும் மறுபடியும் ஏற்றலாம், வாங்கிய உரிமை உங்கள் கணக்கிலேயே இருக்கும். ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: இந்த மாதம், இந்த வீட்டில், யார் யார் எந்தெந்தக் கேமை விளையாடுவார்கள்?

தாளில் மூன்று பத்திகள் வரைந்துகொள்ளுங்கள்.

முதல் பத்தியில், எப்போதும் நீக்க முடியாதவை. நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து விளையாடும் கேம்கள் இந்த வகை. அவற்றுக்கு முடிவு என்பதே கிடையாது. ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய வரைபடங்களும் ஆயுதங்களும் உடைகளும் வந்து சேர, அவை வளர்ந்துகொண்டே போகும். பெரிய துப்பாக்கிச் சண்டைக் கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுவது இன்று சாதாரணம்.

இரண்டாவது பத்தியில், ஒன்றன்பின் ஒன்றாக விளையாடி முடிக்கும் கதைக் கேம்கள். இவை 40 ஜிபியிலும் இருக்கலாம், 150 ஜிபியிலும் இருக்கலாம். பால்டர்ஸ் கேட் 3-இன் கணினி வடிவத்துக்கு 150 ஜிபி இடம் வேண்டும் என்று அதைத் தயாரித்தவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். மாறாக, நின்டெண்டோவின் முதல் சுவிட்ச் கன்சோலுக்கு வந்த ஸெல்டா வரிசையின் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்', அவ்வளவு பரந்த உலகத்தை வைத்துக்கொண்டும் சுமார் 16 ஜிபிதான். உலகம் பெரிதாக இருப்பதால் மட்டும் கேம் பெரிதாவதில்லை. துல்லியமான 4கே படங்களும், பல மொழிகளில் பதிவான குரல்களும்தான் இடத்தை அதிகம் விழுங்குகின்றன. இந்தப் பத்தியில் ஒருவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு கேம்கள் எழுதினால் போதும். ஒரே நேரத்தில் ஐந்து கதைகளை யாரும் உண்மையில் தொடர்வதில்லை.

மூன்றாவது பத்தியில், சின்னக் கேம்கள். சிறு குழுக்கள் உருவாக்கும் கேம்கள் பெரும்பாலும் சில ஜிபிக்குள் அடங்கிவிடும். பத்து வைத்தாலும் ஒரு பெரிய கேமின் இடத்தை எடுக்காது. இவற்றுக்கு மொத்தமாக 20 ஜிபி என்று எழுதிவிட்டு நகருங்கள்.

ஒவ்வொரு கேமின் அளவையும் எப்படித் தெரிந்துகொள்வது? கன்சோல் நிறுவனத்தின் இணையக் கடையில் அந்தக் கேமின் பக்கத்தைத் திறந்து, அளவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் கன்சோலுக்கான அளவைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே கேம் சீரிஸ் எக்ஸில் பெரிதாகவும், 4கே படங்கள் தேவைப்படாத சீரிஸ் எஸ்ஸில் சிறிதாகவும் இருப்பது வழக்கம்.

"நான் டிஸ்க்தான் வாங்குவேன், எனக்கு எதற்கு இந்தக் கணக்கு?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பலரிடம் இந்த எண்ணம் இருக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 5-இலும் சீரிஸ் எக்ஸிலும் டிஸ்கிலிருந்து கேம் நேரடியாக ஓடாது. அது உள் சேமிப்பகத்தில் ஏறிய பிறகே ஓடும். அதற்குப் பிறகு டிஸ்க் வெறும் சாவி. டிஸ்க் வாங்கினால் பதிவிறக்கும் நேரம் கொஞ்சம் மிச்சமாகும், மறுவிற்பனையும் செய்யலாம், ஆனால் இடம் மிச்சமாகாது. நின்டெண்டோவின் கார்ட்ரிட்ஜ் வேறு விதம். கேம் முழுவதும் அதற்குள்ளேயே இருந்தால் அங்கிருந்தே ஓடும். சுவிட்ச் 2-இல் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சில கார்ட்ரிட்ஜ்களில் கேமே இருக்காது, பதிவிறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டுமே இருக்கும். கேம் பெட்டியின் முன்பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், படித்துப் பார்த்து வாங்குங்கள்.

படி 3: கூட்டுங்கள், கால் பங்கு சேருங்கள்

பட்டியலைக் கூட்டி, அதில் நான்கில் ஒரு பங்கை மேலே சேர்க்க வேண்டும். அப்டேட்கள் வரும்போது கேம்கள் பெரிதாகும். சில அப்டேட்கள் ஏறி முடியும்வரை கூடுதலாகக் காலி இடமும் கேட்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இணையத் துப்பாக்கிச் சண்டைக் கேம் ஒன்று 150 ஜிபி. கால்பந்து 50. கதைக் கேம் ஒன்று 100. சின்னக் கேம்கள் 20. கூட்டினால் 320. கால் பங்கு 80 சேர்த்தால் 400 ஜிபி. இப்போது படி 1-க்குத் திரும்புங்கள். 364 ஜிபி கிடைக்கும் கன்சோல் இந்த வீட்டுக்கு முதல் நாளிலிருந்தே இறுக்கம். 667 கிடைக்கும் கன்சோல் வசதி. 802 கிடைத்தால் இன்னும் இரண்டு பெரிய கேம்கள் கவலையின்றி வந்து உட்காரலாம். அதே வீட்டில் துப்பாக்கிச் சண்டைக் கேமை எடுத்துவிட்டால் 170-உம் கால் பங்கும் சேர்ந்து 213 ஜிபிதான். 512 ஜிபி மாடலே தாராளம். ஒரே ஒரு கேம் முடிவை எப்படித் திருப்பிப்போடுகிறது பாருங்கள். வாங்குவதற்கு முன் விளையாடப் போகிறவரிடம் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 4: உங்கள் இணைய வேகத்தைக் கணக்கில் சேருங்கள்

நீக்கிய கேமை மறுபடியும் ஏற்றலாம் என்று சொன்னேன். அது எளிதா, தண்டனையா என்பதை இணைய வேகம் முடிவு செய்கிறது. எளிய வாய்பாடு: கேமின் ஜிபி அளவை 2.2-ஆல் பெருக்கி, இணைய வேகத்தின் எம்பிபிஎஸ் எண்ணால் வகுத்தால், விடை மணி நேரத்தில் கிடைக்கும்.

100 ஜிபி கேம், 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 50 எம்பிபிஎஸ் என்றால் நான்கரை மணி நேரம். 20 எம்பிபிஎஸ் என்றால் பதினொரு மணி நேரம். சொன்ன வேகம் முழுதாகக் கிடைத்தால்தான் இதுவும். வேகமான இணைப்பு இருக்கும் வீட்டில் சின்னச் சேமிப்பகத்தோடும் நிம்மதியாக வாழலாம், இரவில் ஏற்றிவிட்டுக் காலையில் விளையாடலாம். மெதுவான இணைப்பு அல்லது மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு இருந்தால், படி 3-இல் வந்த விடைக்கு அடுத்த பெரிய அளவை வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

படி 5: பிறகு இடத்தைக் கூட்ட முடியுமா, எதைக் கொண்டு கூட்டலாம் என்று பாருங்கள்

ஒவ்வொரு கன்சோலும் வெவ்வேறு பொருளைக் கேட்கும். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பிளேஸ்டேஷன் 5-இல் மூடியைக் கழற்றினால் எம்.2 எஸ்எஸ்டி என்ற சிறு பட்டை வடிவச் சேமிப்பகத்தைப் பொருத்தும் இடம் இருக்கிறது. கணினிக் கடைகளில் கிடைக்கும் எஸ்எஸ்டியையே போடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அது என்விஎம்இ நான்காம் தலைமுறை வகையாக இருக்க வேண்டும், நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல் படிக்கும் வேகம் வேண்டும், வெப்பத்தைக் கடத்தும் தகடு கட்டாயம். தகட்டோடு சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் சாட்டா வகை எம்.2 இதில் வேலை செய்யாது.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் அவற்றுக்கென்றே செய்த விரிவாக்க அட்டையைப் பின்பக்கம் செருகினால் போதும், திருகாணி கழற்றும் வேலை இல்லை. பொதுவான எஸ்எஸ்டிகளைவிட அட்டையின் விலை கூடுதலாகவே இருக்கும். அதனால் 512 ஜிபி கன்சோலையும் அட்டையையும் சேர்த்து வாங்கும் மொத்தத் தொகையை, முதலிலேயே 1 டிபி கன்சோல் வாங்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுவிட்ச் 2-இல் 256 ஜிபி உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டை வேண்டும். முதல் சுவிட்சில் போட்ட சாதாரண மைக்ரோ எஸ்டி அட்டையில் சுவிட்ச் 2-இன் கேம்களை வைக்க முடியாது. கையில் இருக்கும் பழைய அட்டை உதவும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் பயன்படுமா? பயன்படும், ஒரு பரணைப் போல. பிளேஸ்டேஷன் 5 கேம்களையும், சீரிஸ் எக்ஸ், எஸ்ஸுக்கென்றே உருவான கேம்களையும் அதில் எடுத்து வைக்கலாம். அங்கிருந்து நேரடியாக விளையாட முடியாது, உள்ளே திரும்ப மாற்ற வேண்டும். அந்த மாற்றம் மறுபதிவிறக்கத்தைவிட வேகமானது, இணைய அளவும் செலவாகாது. முந்தைய தலைமுறைக் கேம்கள் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கிலிருந்தே ஓடும். அவற்றை அங்கே அனுப்பிவிட்டால் உள்ளே நல்ல இடம் விடுபடும். ஆனால் கன்சோல் முதன்முறை அதை ஏற்கும்போது, அதில் இருப்பதை எல்லாம் அழித்துவிடும். குடும்பப் புகைப்படங்கள் அதில் இருந்தால் முதலில் வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

படி 6: பழைய கன்சோல் என்றால்

கையில் பிடித்து அமைப்புகள் பகுதியைத் திறந்து, சேமிப்பகம் என்ற இடத்தில் மொத்த அளவைப் பாருங்கள். முதல் சுவிட்சில் 32 ஜிபிதான், அதன் ஓலெட் வடிவத்தில் 64. மெமரி அட்டையின் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

கடைசியாக, கேமை நீக்கத் தயங்குபவர்களுக்கு. நீங்கள் எந்தக் கட்டம்வரை வந்தீர்கள் என்ற சேமிப்புப் பதிவு, கேமிலிருந்து தனியாக இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இலும் சுவிட்சிலும் கேமை மட்டும் நீக்கினால் பதிவு உள்ளேயே தங்கும். எக்ஸ்பாக்ஸ் இணையத்தோடு இணைந்திருந்தால் பதிவை கிளவுட் என்ற இணையச் சேமிப்பகத்திலும் நகலெடுத்து வைக்கும். நீக்கும்போது திரையில் வரும் கேள்வியை நிதானமாகப் படித்து, பதிவையும் சேர்த்து அழிக்கும் விருப்பத்தைத் தொடாமல் இருந்தால் போதும். அக்கா மகனுக்கு அன்று இதைச் செய்து காட்டினேன். நீக்கிய கேமை இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஏற்றினோம். விட்ட இடத்திலேயே, அதே பாலத்தின் நடுவில், அவனுடைய வீரன் நின்றுகொண்டிருந்தான்.