படகுக்குப் பின்னால் டியூபில் பிள்ளைகள்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிங்கப்பூரில் பொங்கோல் பக்கமும் லாசரஸ் தீவுப் பக்கமும் இந்தக் காட்சி சகஜம். சின்னப் படகு ஒன்று, பின்னால் கயிறு, கயிற்றின் முனையில் காற்றடைத்த டியூப், அதன்மேல் கத்திக்கொண்டு இரண்டு பிள்ளைகள். கடையில் வாங்கும்போது அது விளையாட்டுப் பொருள்தான். தண்ணீரில் இழுபடத் தொடங்கியதும் அது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இல்லாத வண்டி. மேலே படுத்திருக்கும் பிள்ளைக்கு இருப்பது இரண்டே வழி: கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது, இல்லையென்றால் விட்டுவிடுவது. எவ்வளவு வேகம், எந்தப் பக்கம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் படகில் இருப்பவர் கையில். அதனால் இங்கே பேசப்போகும் தவறுகள் எல்லாமே பெரியவர்களின் தவறுகள்.

மோட்டார் படகு ஓட்ட சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமம் வைத்திருப்பவருக்குக் கடல் போக்குவரத்து விதிகள் தெரிந்திருக்கும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓட்டுவது அதற்கு மேல் தனியாகப் பழக வேண்டிய விஷயம்.

சுழற்றி வீசுவது

ஆபத்தான தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். நேராகப் போனால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடுகிறது. "மாமா, திருப்புங்க, திருப்புங்க" என்று கை காட்டுகிறார்கள். மாமாவும் உற்சாகமாக ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். அப்போது கயிற்றின் முனையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். படகு உள்வட்டத்தில் திரும்புகிறது. டியூப் வந்த வழியிலேயே கொஞ்ச தூரம் போய், கயிறு விறைத்ததும் வெளிவட்டத்தில் வீசப்படுகிறது. அதே நேரத்தில் அது கடக்க வேண்டிய தூரம் படகு கடப்பதைவிட அதிகம். ஆகவே படகின் திரை 20 கிலோமீட்டர் என்று காட்டும்போது டியூப் அதைவிட நன்றாகவே வேகமாகப் பாய்ந்துகொண்டிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் விசை இரண்டு மடங்காவதோடு நிற்பதில்லை. மோதலில் வெளிப்படும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அந்த நிலையில் படகு கிளப்பிய அலையின் முகட்டில் டியூப் ஏறினால் பிள்ளை காற்றில் பறக்கும். விழும் இடம் தண்ணீர்தானே என்று நினைக்கிறோம். அந்த வேகத்தில் தண்ணீர் மெத்தை கிடையாது.

இன்னொன்றும் உண்டு. கயிறு 18 மீட்டர் என்றால், திருப்பத்தில் டியூப் படகின் பாதையிலிருந்து கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் பக்கவாட்டில் போய்விடும். ஓட்டுபவர் தன் படகுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். நங்கூரமிட்ட வேறொரு படகு, தூண், கடலில் மீன் பிடிக்க நட்டிருக்கும் கேலோங்கின் மரச்சட்டம் எல்லாம் இருப்பது பக்கவாட்டில். என் கணக்கில் இரண்டு பக்கமும் 50 மீட்டராவது வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். அவ்வளவு அகலம் இல்லாத இடத்தில் டியூபை இழுக்கவே கூடாது.

சரி, எப்படித் திருப்புவது? திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பெரிய வளைவாக, நிதானமாகத் திருப்புங்கள். படகு விரித்துவிடும் இரண்டு அலைகளுக்கும் நடுவிலேயே டியூப் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நேரானதும் கயிறு விறைக்கும்வரை பொறுத்து, அப்புறம் வேகத்தைக் கூட்டலாம்.

எவ்வளவு வேகம்?

பல டியூப்களின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்: பெரியவர்களுக்கு மணிக்கு 20 மைல், பிள்ளைகளுக்கு 15 மைல், அதற்கு மேல் போகக் கூடாது என்று. பிள்ளைகளுக்கான அந்த எல்லை ஏறக்குறைய 24 கிலோமீட்டர், கடல் கணக்கில் 13 நாட். அது உச்ச வரம்பு. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு 12, 13 கிலோமீட்டரே தாராளம். தண்ணீரை ஒட்டிப் படுத்திருப்பவருக்கு அதுவே பறப்பதுபோல் இருக்கும்.

சின்னப் படகில் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. இந்த மெதுவான வேகத்தில் பல படகுகளின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். ஓட்டுபவருக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. மூக்கை இறக்குவதற்காகவே அவர் வேகத்தைக் கூட்டிவிடுகிறார், பின்னால் இருக்கும் பிள்ளை அதற்கான விலையைக் கொடுக்கிறது. வேகத்தைத் தொடாமல் எடையை முன்னால் நகர்த்துங்கள். பெரியவர் ஒருவரை முன்பக்கம் உட்கார வையுங்கள், ஐஸ் பெட்டியையும் பைகளையும் முன்னால் தள்ளுங்கள், எஞ்சினின் சாய்வைச் சரிசெய்யுங்கள். அப்படியும் முன்னால் தெரியவில்லை என்றால் அந்தப் படகு இந்த வேலைக்குத் தோதில்லை.

கயிறு

படகில் கிடக்கும் ஏதோ ஒரு கயிற்றை எடுத்துக் கட்டிவிடுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். டியூப் தண்ணீரில் கிடக்கும் பெரிய பை. புறப்படும்போதும் அதன் முனை அலையில் குத்தும்போதும் கயிற்றில் விழும் இழுவை பிள்ளையின் எடையைப்போல் பல மடங்கு. அதனால்தான் டியூபுக்கான கயிறுகளை ஆள் கணக்கில் விற்கிறார்கள். ஒருவருக்கான கயிறு குறைந்தது 680 கிலோ தாங்க வேண்டும், இருவருக்கு 1,077 கிலோ, மூவருக்கு 1,520 கிலோ, நால்வருக்கு 1,860 கிலோ. நீர்ச்சறுக்குக்கு வாங்கிய கயிறு இதற்குச் சரிவராது. படகைக் கரையில் கட்டும் நைலான் கயிறு அதைவிட மோசம். நைலான் நன்றாக நீளும்; அறுந்தால் அந்த இழுவை முழுவதோடும் படகைப் பார்த்தோ பிள்ளையின் முகத்தைப் பார்த்தோ திரும்பிப் பாயும்.

நீளம் 15 முதல் 20 மீட்டர் இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் புரொப்பெல்லர் கலக்கும் நுரையிலும் எஞ்சின் புகையிலும் பிள்ளை மாட்டிக்கொள்ளும். நீளம் போதவில்லை என்று இரண்டு கயிறுகளை முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதிவரை குறையக்கூடும். நம் ஊர் வெயிலும் உப்பும் கயிற்றைச் சீக்கிரம் தின்றுவிடும். கட்டுவதற்கு முன் முழு நீளத்தையும் விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். எங்காவது பஞ்சுபோல் பிசிறு எழுந்திருக்கும், எங்காவது விறைத்துச் சொரசொரப்பாக இருக்கும். டியூபின் கொக்கி உரசும் கண்ணியில்தான் தேய்மானம் முதலில் தெரியும். சந்தேகம் வந்தால் அந்தக் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கயிற்றைப் படகின் பின்பக்கம் இதற்கென்றே உள்ள இரும்பு வளையத்தில் மாட்ட வேண்டும். எஞ்சினிலும் கைப்பிடிக் கம்பியிலும் கட்டவே கூடாது. பலகைமேல் நின்று இழுபடும் வேக்போர்டுக்கான உயரக் கம்பமும் டியூபுக்கு ஆகாது. டியூபின் இழுவை அதை முறித்துவிடும் அளவுக்கு இருக்கும்.

லைஃப் ஜாக்கெட்

பிள்ளை வளரட்டும் என்று பெரிய அளவாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி. ஜாக்கெட்டை மாட்டி, எல்லா வாரையும் இறுக்கிவிட்டு, பிள்ளையைக் கைகளைத் தூக்கச் சொல்லுங்கள். தோள்பட்டையில் பிடித்து மேலே இழுங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டிக் காதுவரை ஏறினால் தண்ணீரில் முகத்தை மூடும், அல்லது முழுதாகக் கழன்றுவிடும். கால்களுக்கு இடையே போகும் வார் இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. தண்ணீர் பட்டால் தானாகக் காற்று நிரம்பும் வகை இதற்கு ஆகாது. நுரை அட்டை வைத்த ஜாக்கெட்தான் வேண்டும். கைகளில் மாட்டும் காற்றுப் பட்டைகளை நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யாரை யாரோடு ஏற்றுவது

டியூபில் எல்லாக் காயங்களும் தண்ணீரால் வருவதில்லை; பிள்ளையும் பிள்ளையும் மோதுவதாலும் வருகின்றன. ஒரு குதிப்பில் இரண்டு தலைகள் முட்டிக்கொள்கின்றன. எனவே அப்பா கூடப் படுத்துக்கொண்டால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்பது தப்புக் கணக்கு. 80 கிலோ எடை 20 கிலோமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே எடை உள்ள பிள்ளைகளாக ஏற்றுங்கள். சின்னவள் தனியாகப் போகட்டும், மெதுவாகப் போகட்டும். டியூபில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையைத் தாண்டவே கூடாது. வாழைப்பழப் படகு வேறு வகை. வரிசையாக உட்கார்ந்தவர்கள் கவிழும்போது ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

கயிற்றைக் கையிலோ காலிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். கைப்பிடியில் மணிக்கட்டை நுழைத்து மாட்டிக்கொள்வதும் கூடாது. பயமாக இருந்தால் கையை விட்டுவிடலாம், விழுந்தால் யாரும் திட்ட மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பல பிள்ளைகள் அதற்குப் பயந்தே பல்லைக் கடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

பின்னால் பார்க்கத் தனி ஆள்

ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும். அவரே பின்னாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தால் ஏதோ ஒன்றைத் தவறவிடுவார். இன்னொரு பெரியவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். அந்த ஆள் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. வீடியோ எடுப்பவர் சட்டகத்தைப் பார்ப்பார், பிள்ளையைப் பார்க்க மாட்டார். படம் வேண்டுமென்றால் மூன்றாவது ஆள் எடுக்கட்டும். பீர் திறந்தவர்கள் இந்த இரண்டு இடத்திலும் உட்காரக் கூடாது.

கை சைகைகளைக் கரையிலேயே பழக்கிவிடுங்கள். கட்டைவிரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெதுவாக, கழுத்துக்குக் குறுக்கே கை என்றால் நிறுத்து, தலையில் தட்டினால் திரும்பிப் போகலாம். விழுந்த பிள்ளை நன்றாக இருந்தால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கோத்துக் காட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகளில் ஒருவன் "இன்னும் வேகம்" என்று கத்துவான், மற்றவள் சத்தமே போட மாட்டாள். முழங்கைகள் உடம்போடு ஒட்டி, கன்னம் டியூபில் அழுந்தி, வாய் இறுகி இருக்கும். கவனிக்க வேண்டியது அவளைத்தான். அவளுக்குத் தோதான மெதுவான வேகம்தான் இருவருக்கும் வேகம்.

விழுந்தவரை எடுப்பது

உயிர்போகும் தவறு நடப்பது இங்கேதான். பிள்ளை அருகில் இருக்கிறது, கொஞ்சம் பின்னால் போனால் போதும் என்று ரிவர்ஸ் கியர் போடுகிறார்கள். புரொப்பெல்லர் இருப்பதோ பின்பக்கம். எவ்வளவு அருகில் விழுந்தாலும் ரிவர்ஸில் போகாதீர்கள். முன்னால் போய், மெதுவாகச் சுற்றி, காற்றை எதிர்த்தபடி, பிள்ளை ஓட்டுபவரின் பக்கத்தில் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி வாருங்கள். சில மீட்டர் இருக்கும்போதே எஞ்சினை முழுதாக அணைத்துவிடுங்கள். நியூட்ரல் போதாது, ஒரு முழங்கை இடித்தால் கியர் விழுந்துவிடும். எஞ்சின் அணைந்த பிறகுதான் பிள்ளை ஏணியைத் தொட வேண்டும். அதற்குள் பின்னால் இருப்பவர் தளர்ந்த கயிற்றைச் சுருட்டி உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது புரொப்பெல்லரில் சுற்றும். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு அவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பிள்ளைகளைப் பின்பக்கப் படியில் உட்கார வைக்காதீர்கள். அங்கே சேரும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயங்கித் தண்ணீரில் விழும்வரை யாருக்கும் தெரியாது.

நம் கடல்

தெற்கே கூசு, லாசரஸ் தீவுகள் பக்கம் கப்பல்களும் பாத்தாம் போகும் விரைவுப் படகுகளும் கிளப்பும் அலை, அவை கண்ணை விட்டு மறைந்த பிறகும் வந்து சேரும். தட்டையான கடல் என்று நினைத்திருக்கும்போது டியூப் திடீரென்று துள்ளும். இங்கே நீர்மட்டம் ஏறி இறங்குவது சில நாள்களில் 3 மீட்டரை நெருங்கும். காலையில் ஆழமாக இருந்த இடத்தில் பிற்பகலில் பவளப்பாறை முழங்கால் ஆழத்துக்கு வந்திருக்கும், அதனால் புறப்படும் முன் நீர்மட்ட அட்டவணையைப் பார்க்க வேண்டும். வடக்கே ஜோகூர் நீரிணை அமைதியாகத் தெரியும். ஆனால் உபின் தீவைச் சுற்றிலும் மீன்பண்ணைகளும் அவற்றின் கயிறுகளும் உண்டு, மழைக்குப் பிறகு மரக்கட்டைகளும் மிதக்கும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து இடிமழையோடு வரும் திடீர்ப் பலத்த காற்று, விடியலுக்கு முன்னிருந்து நண்பகல்வரை எப்போதும் தாக்கலாம்; காற்று 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். ஜூன் விடுமுறை அதற்குள்தான் வருகிறது. மேற்கே வானம் கறுத்தால் "இன்னும் ஒரு ரவுண்டு" என்பதற்கு இடமில்லை. இடி கேட்டாலும் அப்படியே.

அடிபட்டால்

கழுத்து வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் கையைப் பிடித்து இழுத்துப் படகில் ஏற்றாதீர்கள். ஒரு பெரியவர் தண்ணீரில் இறங்கி, தலையும் கழுத்தும் அசையாமல் தாங்கிப் பிடித்திருக்க, வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் உதவி கேளுங்கள். கரையில் என்றால் 995. தலை மோதிய பிள்ளை சிரித்துக்கொண்டே எழுந்தாலும் அன்றைக்கு மறுபடி ஏற்ற வேண்டாம். அன்றிரவும் மறுநாளும் வாந்தி, விடாத தலைவலி, வழக்கத்துக்கு மீறிய தூக்கம், குழறல் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். டியூபிலிருந்து விழுந்ததையும் என்ன வேகத்தில் விழுந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.