பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஆள் சேர்த்து வையுங்கள்

கர்ப்பம் உறுதியான கையோடு தொட்டில் பார்ப்பது, துணிமணி வாங்குவது, பெயர் யோசிப்பது என்று எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். செய்யுங்கள், சந்தோஷமான வேலைதான். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வரும் முதல் ஆறு வாரத்தில் தொட்டில் பெரிதாக ஒன்றும் செய்துவிடப் போவதில்லை. நடுராத்திரி மார்பில் பால் கட்டிக்கொண்டு கல்லாகி, குழந்தையும் விடாமல் அழுதுகொண்டிருக்கும்போது யாருக்கு போன் செய்யலாம் என்று தெரிந்திருக்கிறதா, அதுதான் விஷயம். அந்த நேரத்தில் உட்கார்ந்து தேட உடம்பிலும் தெம்பு இருக்காது, மூளையும் ஓடாது. அதனால் எங்கே என்ன உதவி இருக்கிறது என்ற தேடலை வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே, முடிந்தால் ஏழாம் மாதத்துக்குள், முடித்துவிடுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது? நீங்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் இடத்தில்தான். கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பரிசோதனைக்குப் போக வேண்டும், முதலாவது 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த எட்டு முறையும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று முடிந்துவிடுகின்றன. யாரும் நிமிர்ந்து இன்னொரு கேள்வி கேட்பதில்லை. டாக்டருக்கு நேரம் இருக்காது, விடுங்கள். நர்ஸ், மருத்துவச்சி, முன்பதிவு மேசையில் இருப்பவர், ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் இருந்தால் அவர், இவர்களிடம் கேளுங்கள். எந்த வகுப்பு எந்தக் கிழமை நடக்கிறது, எந்த அலுவலகத்தில் யாரிடம் கேட்டால் வேலை நடக்கும் என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும்.

கேட்கும் விதமும் முக்கியம். "ஏதாவது உதவி கிடைக்குமா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் "எல்லாம் இருக்குங்க, கவலைப்படாதீங்க" என்று பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் உண்டா, பால் கொடுப்பதில் சிக்கல் வந்தால் யாரிடம் போவது, மனசு சரியில்லை என்றால் யாரிடம் பேசலாம், கைக்குழந்தையோடு வந்து உட்காரும் குழு எங்கே கூடுகிறது, பணமுடை இருந்தால் எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் சொல்பவரிடம் ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண், நேரம், முன்பதிவு வேண்டுமா, காசு உண்டா, என்ன காகிதம் எடுத்துப் போக வேண்டும் என்பதையும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, கூட இருப்பவர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். உங்கள் போனுக்குள் மட்டும் இருந்தால் நீங்கள் அசந்து தூங்கும்போது யாருக்கும் பயன்படாது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே என்றால், நூலகம், வழிபாட்டுத் தலம், சமூகக் கூடம், உள்ளாட்சி அலுவலகம், வேலை செய்யும் இடத்தின் மனிதவளப் பிரிவு, இங்கெல்லாம் விசாரிக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்து ஆக நல்ல தகவல் கிடைப்பது தடுப்பூசி போட வரிசையில் நிற்கும் தாய்மார்களிடம். ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் ஒருத்தியைப் பிடியுங்கள். போன மாதம்தான் அந்தப் படிகளை ஏறி இறங்கியிருப்பாள், எந்த எண்ணில் ஆள் எடுக்கிறார்கள், எதில் எடுப்பதே இல்லை என்பதுவரை சொல்வாள். பத்து வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் அன்பாகப் பேசுவார்கள், ஆனால் கஷ்டமெல்லாம் அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

குழு என்றதும் "நாலு பேர் கூடிப் பேசி என்ன ஆகப்போகிறது" என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் ஓர் ஆய்வுக்காகக் கிராமப் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டினார்கள். நடத்தியவர் டாக்டரோ நர்ஸோ இல்லை, உள்ளூர்ப் பெண் ஒருவர். பிரசவத்தில் தங்கள் ஊரில் என்னென்ன சிக்கல் வருகிறது, அதற்கு நம்மால் என்ன முடியும் என்று அந்தப் பெண்களே பேசி, பொதுவில் பணம் சேர்த்து வைத்தார்கள், ஆளைத் தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தார்கள். 2004-இல் முடிவு வெளியானபோது, குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளம் குழந்தை இறப்பு மற்ற பகுதிகளைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. அதன்பின் இந்தியா, வங்கதேசம், மலாவியிலும் இப்படிப்பட்ட ஆய்வுகள் நடந்தன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் 2014-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது. பேச்சு வெறும் பேச்சாகப் போய்விடவில்லை.

கர்ப்பப் பரிசோதனையையே குழுவாக நடத்தும் இடங்களும் உண்டு. ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிரசவத் தேதி உள்ள எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து வந்து, பரிசோதனையும் முடித்து, உட்கார்ந்து பேசவும் செய்வார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகள் ஒரே வயதில் வளர்வதால் இந்தப் பழக்கம் சுலபத்தில் விட்டுப்போகாது.

அப்புறம் பிரசவ அறை. வலி ஆரம்பித்ததிலிருந்து ஒரு ஆள் விடாமல் கூடவே இருந்தால் இயல்பான பிரசவத்துக்கு வாய்ப்புக் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் குறைகிறது. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளை 2017-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது இது. அந்த ஆள் கணவராக இருக்கலாம், அம்மாவாக, தோழியாக, பிரசவத்தில் துணை நிற்பதையே வேலையாகச் செய்யும், பயிற்சி பெற்ற டூலாவாக இருக்கலாம். ஆஸ்பத்திரி யாரை, எத்தனை பேரை உள்ளே விடும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வாசலில் நின்று வாதாடுகிற நாள் இல்லை அது.

டிஸ்சார்ஜ் ஆகும் நாள்தான் பெரிய ஓட்டை. அதுவரை பொத்தானை அழுத்தினால் நர்ஸ் வருவார். மறுநாள் வீட்டில் யாரும் இல்லை. தாய்ப்பாலுக்குத் துணை நிற்கும் ஆஸ்பத்திரிகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த பத்துப் படிகளில் கடைசிப் படியே, வீட்டுக்குப் போன பிறகு உதவி எங்கே கிடைக்கும் என்று வழி செய்து அனுப்ப வேண்டும் என்பதுதான். அதனால் "நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாருக்கு போன் பண்ணுவது, ராத்திரி என்றால் யாருக்கு" என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வார்டை விட்டு இறங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு முதல் 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாளுக்குள், ஆறாவது வாரத்தில் என்று குறைந்தது நான்கு முறை தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்பது 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை. உங்களுக்கு ஆறாவது வாரத்துக்கு மட்டும் தேதி கொடுத்திருந்தால் நடுவில் யார் பார்ப்பார்கள் என்று தாராளமாகக் கேட்கலாம்.

பால் கொடுப்பதற்கு உதவுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தானும் பால் கொடுத்து, பயிற்சியும் பெற்று, காசு வாங்காமல் உதவும் தாய்மார்கள் ஒரு வகை. 1956-இல் அமெரிக்காவில் ஏழு தாய்மார்கள் தொடங்கிய லா லெச்சே லீக் இப்படிப்பட்டது, இன்று பல நாடுகளில் இயங்குகிறது. இன்னொரு வகை, தகுதிச் சான்றிதழ் பெற்ற தாய்ப்பால் ஆலோசகர்கள். காம்பு வெடித்துப் புண்ணாகியிருக்கிறது, குழந்தையின் எடை ஏறவில்லை, குறைமாதக் குழந்தை என்றால் இவர்கள்தான் தேவை. யாராக இருந்தாலும் குழந்தை பால் குடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஆலோசனை சொல்ல வேண்டும். பார்க்காமலேயே ஒரு கருவியையோ டப்பாவையோ விற்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். பால்பவுடர் நிறுவனங்கள் கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது, இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று 1981-லேயே சர்வதேச நெறிமுறை வந்துவிட்டது. ஆனாலும் "அம்மாக்கள் சங்கம்" என்ற பெயரில் பரிசுப்பை நீட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், பின்னால் யார் காசு என்று பாருங்கள். பவுடர் பால்தான் கொடுக்கிறீர்கள், அல்லது இரண்டும் கொடுக்கிறீர்கள் என்றால் அதற்காக முகம் சுளிக்கிற குழுவும் உங்களுக்கு வேண்டாம்.

மனசு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமே இல்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு நடப்பதுதான், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்கவில்லை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் உதவி தேடும் நேரம் வந்துவிட்டது. பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. கர்ப்ப காலத்திலும் சுமார் 10 சதவீதம் பேருக்கு வருகிறது. மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று 1987-இல் வந்த ஒரு கேள்வித்தாள் உண்டு, கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்று 10 கேள்விகள். உங்களிடம் யாரும் அதைக் கொடுக்கவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். அதில் பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது, அதற்கு "இல்லவே இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இல்லாத குரல் கேட்கிறது, யார் மீதும் சந்தேகம், நாள்கணக்கில் தூங்காமலும் துறுதுறுவென்றிருப்பது என்றால், இது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவதுதான் என்றாலும், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்குத் தன்னிடம் ஏதோ மாறியிருப்பதே தெரியாது, வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும், யாரும் அவர்களைக் கேட்பதில்லை. போஸ்ட்பார்ட்டம் சப்போர்ட் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இணையவழியில் இலவசமாகக் குழுக்கள் நடத்துகிறது. அப்பாக்களுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தை இருந்தவர்களுக்கும், பிள்ளையை இழந்தவர்களுக்கும் தனித்தனியாக உண்டு. கருவோ குழந்தையோ தங்காமல் போனால், பதிவு செய்திருந்த இடங்களுக்கெல்லாம் சொல்லிப் பெயரை எடுக்கச் சொல்லும் வேலையை உறவில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் நினைவூட்டல் அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பரிசோதனையின்போது "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மொழி தெரியாத ஊரில் இருப்பவர்கள் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், சொந்தக்காரரை வைத்துச் சமாளிக்காதீர்கள், சொல்ல வேண்டியதில் பாதி அவர் முன்னால் வாயிலேயே வராது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகப்பேறு விடுப்பு, உதவித்தொகை இரண்டுக்கும் கர்ப்ப காலத்திலேயே விண்ணப்பப் படிவத்தை வாங்கி நிரப்பி வையுங்கள், பிறப்புப் பதிவுக்குக் கடைசித் தேதி என்ன என்று கேட்டு வையுங்கள். குறைந்தது 14 வாரம் விடுப்பு என்பது 2000-ஆவது ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை சொல்லும் அளவு. உங்கள் நாட்டுச் சட்டமும் நிறுவனமும் எவ்வளவு தருகின்றன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அக்கம்பக்கம், நண்பர்கள் எல்லோரும் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள், ஆனால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. அப்போதே வேலையைச் சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை மூத்தவனைப் பள்ளியில் விட முடியுமா, நான் குளித்துவிட்டு வரும்வரை அரை மணி நேரம் குழந்தையைப் பிடித்துக்கொள்ள முடியுமா, ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுவர முடியுமா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாகச் செய்வார்கள். குழந்தையைக் கொஞ்சிவிட்டு நீங்கள் காபி போட்டுக் கொடுப்பீர்கள் என்று உட்கார்ந்திருப்பவர்களை அடுத்த மாதம் வரச் சொல்லலாம்.

வாட்ஸாப் குழுக்கள் ராத்திரித் தனிமைக்கு நல்லவை, மருந்து கேட்கும் இடம் அவை இல்லை. நிற்காத ரத்தப்போக்கு, கண் மங்கலோடு கடுந்தலைவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கும் குழந்தை, இதையெல்லாம் குழுவில் தட்டிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஒரு குழுவுக்கு முதல் தடவை போய்விட்டு இது சரிப்படாது என்று தோன்றினால் இன்னொரு முறை மட்டும் போய்ப் பாருங்கள், முதல் நாள் யாருக்குமே சங்கடமாகத்தான் இருக்கும். அப்போதும் பிடிக்கவில்லையா, விட்டுவிடலாம். விடுவதற்கு முன் நடத்துபவரிடம் "வேறு எங்கே இந்த மாதிரிக் கூடுகிறார்கள்?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று கைவிரிக்கும் அலுவலகத்திலும் இதே கேள்விதான்: "அப்படியென்றால் நான் யாரிடம் கேட்க வேண்டும்?"