போர் போடுமுன் ஒரு துண்டுச்சீட்டு

நெல்லை மாவட்டம் மானூர்ப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். அங்கே போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டபோது 400 அடியோடு நிறுத்துவதாகப் பேச்சு. 400-இல் வெறும் பாறைத்தூள் பறந்தது. “இவ்வளவு போட்டாயிற்று, இன்னும் ஐம்பது” என்றேன். அதையே ஏழு முறை சொன்னேன். ஆழம் கூடக்கூட அடி ரேட்டும் கூடும். 750 அடியில் லாரிக்காரரே இரக்கப்பட்டு நிறுத்தினார்.

போன பணத்துக்காக இருக்கிற பணத்தையும் விடுவது இது. பொருளாதாரக்காரர்கள் ‘மூழ்கிய செலவு’ என்பார்கள். ‘இந்தக் குழியை வேறு யாரோ போட்டுச் சும்மா கொடுத்திருந்தால், என் காசில் மேலும் தோண்டுவேனா?’ என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். லாரிச் சத்தத்தில் அதெல்லாம் தோன்றாது. ஆகவே முந்தின இரவே எழுதிவிடுங்கள்: எத்தனை அடி, எவ்வளவு பணம், தூள் ஈரமாக வந்தால் மட்டும் கூடுதலாக எத்தனை அடி. சீட்டை உங்கள் பையில் வைக்காதீர்கள். “போதும்” என்று சொல்லத் தயங்காதவரிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது என் மாமியார்.

அடிக்கணக்கை எங்கே பிடிப்பது? நீரோட்டம் பார்த்தவர் உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்து நின்றதை நானும் பார்த்தேன். அவர் சொல்லித் தண்ணீர் வந்த கிணறுகளை ஊரே சொல்லும். வறண்ட குழியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? சுற்றியுள்ள பத்துத் தோட்டங்களுக்கு நடந்து போய், வராத குழி எத்தனை, சித்திரையில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தையில் ஆடு வாங்கவும் இதே சீட்டுதான். முதலில் காதில் விழும் விலை நங்கூரம் போல மனத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று சிலரிடம் கேட்ட சோதனையை உளவியலாளர்கள் டுவெர்ஸ்கியும் கானமனும் 1974-இல் எழுதினார்கள். கேட்பதற்கு முன் ஒரு சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அது 10-இல் நின்றதைப் பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. வெறும் சக்கரத்துக்கே இப்படி என்றால், ஆட்டைத் தடவிக்கொண்டே “பதினெட்டாயிரம்” என்பவரிடம் நாம் எம்மாத்திரம்! மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது சும்மா இல்லை. பக்கத்தில் நிற்பவன் காதில் எண் விழாது.

எனவே விலை கேட்கும் முன்பே ஆட்டைத் தூக்கிப் பாருங்கள். எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி தேறும் என்று வைத்து, அன்றைய கறி விலையால் பெருக்கி எழுதுங்கள். போன கோயில் கொடை விழாவுக்கு என் சீட்டில் 9,500 என்றிருந்தது. வியாபாரி 12,000-க்குக் கீழே இறங்கவில்லை. மாமியார் சீட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். அந்தக் கொடைக்கு எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு.