நிபந்தனையிலிருந்து தொடங்குங்கள்: இயற்கணிதத் தேற்றங்களைப் படித்துப் பயன்படுத்தும் முறை

தேற்றத்தின் பெயரும் முடிவும் பலருக்கும் மனப்பாடமாக இருக்கும். கணக்கு தப்புவது பெரும்பாலும் நிபந்தனையில்தான். ‘ஒருபடி வகுத்தி’, ‘முழு எண் கெழுக்கள்’ என்று முதல் வரியிலேயே சொல்லப்படுவதைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. அதனால் நோட்டில் ஒரு தேற்றத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே நிபந்தனை, கீழே முடிவு, பிறகு நிரூபணத்தைத் தாங்கி நிற்கும் ஒரே ஒரு வரி, கடைசியில் நிபந்தனை இல்லாதபோது தேற்றம் உடைந்துபோகும் ஓர் எடுத்துக்காட்டு. இந்தக் கடைசி எடுத்துக்காட்டைக் கைடில் தேடாதீர்கள், நீங்களே உண்டாக்குங்கள். அதைச் செய்ய முடிந்தால் தேற்றம் புரிந்துவிட்டது என்று பொருள்.

ஒன்பதாம் வகுப்பில் வரும் மீதித் தேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பல்லுறுப்புக்கோவையை எக்ஸ் − 3 ஆல் வகுத்தால் வரும் மீதி, கோவையில் எக்ஸ் = 3 என்று இட்டால் வரும் மதிப்புதான். ஏன்? கோவை = வகுத்தி × ஈவு + மீதி. மீதியின் படி வகுத்தியின் படியைவிடக் குறைவு. வகுத்தி ஒருபடி என்பதால் மீதி வெறும் எண். எக்ஸ் = 3 இட்டதும் வகுத்தி பூச்சியமாகி, அதோடு பெருக்கப்பட்ட ஈவும் மறைந்து, மீதி மட்டும் நிற்கிறது. நிரூபணம் இவ்வளவுதான். தேற்றம் மறந்துபோனாலும் இந்த வரி நினைவிருந்தால் அரை நிமிடத்தில் மீட்டுவிடலாம்.

நிபந்தனையை உடைத்துப் பாருங்கள். வகுத்தி எக்ஸ் வர்க்கம் − 1 என்றால் மீதி எண்ணாக இருக்கவேண்டியதில்லை, ஒருபடிக் கோவையாகவும் வரலாம். எக்ஸின் 101ஆம் படியை அதனால் வகுத்தால் என்ன மீதி? எக்ஸ் = 1 இட்டால் 1, எக்ஸ் = −1 இட்டால் −1. இரண்டுக்கும் பொருந்தும் ஒருபடிக் கோவை எக்ஸ் மட்டுமே; அதுதான் மீதி. 1 என்று மட்டும் விடை எழுதுபவர் நிபந்தனையைப் படிக்காதவர்.

இதே தேற்றம் நம் ஊர் பின்கோடிலும் வேலை செய்யும். எந்த எண்ணும் 10இல் எழுதிய பல்லுறுப்புக்கோவைதான். 9 என்பது 10 − 1. ஆகவே 10 இருக்கும் இடத்தில் 1 இட்டால் இலக்கங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும். மயிலாப்பூர் 600004: கூட்டினால் 10, அதை 9ஆல் வகுத்தால் மீதி 1. 11 என்பது 10 + 1, ஆகவே −1 இடவேண்டும். வலமிருந்து இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்கவேண்டும். தியாகராய நகர் 600017: 7 − 1 + 0 − 0 + 0 − 6 = 0. 11ஆல் சரியாக வகுபடும், ஈவு 54547. மயிலாப்பூருக்கு −2 வரும். எண்களில் மீதி குறை எண்ணாக இருக்கக்கூடாது என்பதால் 11ஐக் கூட்டி 9 என்று எழுதவேண்டும். மின்சார ரயிலில் உட்கார்ந்தே பழகலாம், பேனா வேண்டாம்.

இனித் தொகுமுறை வகுத்தல். தவறுகள் குவியும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். கோவையை அதன் கெழுக்களின் வரிசையாக, பெரிய படியிலிருந்து எழுதுகிறோம். 2, −3, −11, 6 என்ற முப்படிக் கோவையை எக்ஸ் − 3 ஆல் வகுக்க: 2ஐ அப்படியே இறக்குங்கள்; 3ஆல் பெருக்கி −3உடன் கூட்டினால் 3; அதை 3ஆல் பெருக்கி −11உடன் கூட்டினால் −2; மறுபடி பெருக்கி 6உடன் கூட்டினால் 0. ஈவு 2, 3, −2. மீதி பூச்சியம், ஆகவே காரணித் தேற்றத்தின்படி எக்ஸ் − 3 ஒரு காரணி. (இந்த ‘ஆகவே’ நிற்கும் வரியில் தேற்றத்தின் பெயரை எழுதுங்கள்.) மிஞ்சிய இருபடிக் கோவை 2 எக்ஸ் − 1, எக்ஸ் + 2 என்று பிரியும்.

விட்டுப்போன உறுப்புக்குப் பூச்சியம் போடாமல் விடுவது மோசமான தவறு. எக்ஸ் கனம் − 7 எக்ஸ் + 6க்கு வரிசை 1, 0, −7, 6. பூச்சியத்தை விட்டு 1, −7, 6 என்று எழுதி எக்ஸ் − 1 ஆல் வகுத்தால் அப்போதும் மீதி 0 வரும்! பூச்சியத்தைச் சேர்த்தாலும் விட்டாலும் கெழுக்களின் கூட்டுத்தொகை மாறாதே. ஆனால் ஈவு 1, −6 என்று தப்பாக வந்திருக்கும். சரியானது 1, 1, −6. மீதியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். முப்படிக் கோவைக்கு நான்கு கெழு, ஈவுக்கு மூன்று என்று எண்ணிப் பாருங்கள்.

வகுத்தி எக்ஸ் + 2 என்றால் இடவேண்டியது −2. 2 எக்ஸ் − 3 என்றால் 3/2. இப்படி முன்னால் 2 இருந்தால் இன்னொரு படி உண்டு: கிடைத்த ஈவை 2ஆல் வகுக்கவேண்டும், மீதியைத் தொடக்கூடாது. முதலில் வகுத்த 2, −3, −11, 6 கோவைக்கு 3/2 இட்டால் 2, 0, −11, கடைசியில் −10.5 வரும். ஈவு 1, 0, −5.5; மீதி −10.5தான்.

மூலத்தை, அதாவது கோவையைப் பூச்சியமாக்கும் எண்ணைத் தேடும்போது எதை இட்டுப் பார்ப்பது என்று தெரியாமல் திணறினால், பன்னிரண்டாம் வகுப்பின் விகிதமுறு மூலத் தேற்றம் கைகொடுக்கும். கெழுக்கள் முழு எண்களாகவும் முதல் கெழுவும் மாறிலியும் பூச்சியமல்லாமலும் இருந்தால், சுருங்கிய வடிவில் உள்ள எந்த விகிதமுறு மூலத்துக்கும் தொகுதி மாறிலியை வகுக்கும், பகுதி முதல் கெழுவை வகுக்கும். 2, −3, −11, 6க்கு ±1, ±2, ±3, ±6, ±1/2, ±3/2 என்று பன்னிரண்டு பேர் மட்டுமே வேட்பாளர்கள். அவர்களில் 3, −2, 1/2 மூவரும் மூலங்கள்.

வேட்பாளர் என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறோம். பட்டியலில் இருப்பவர் ஜெயிப்பார் என்று தேற்றம் வாக்குக் கொடுக்கவில்லை. பட்டியலில் இல்லாதவர் ஜெயிக்கமாட்டார் என்று மட்டுமே சொல்கிறது. எக்ஸ் வர்க்கம் − 2க்கு வேட்பாளர்கள் ±1, ±2, ஒருவரும் தேறவில்லை. ஆகவே 2இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்று ஒரே வரியில் நிரூபணம் முடிகிறது.

பின்னக் கெழுக்கள் இருந்தால் முதலில் பகுதிகளின் மீ.சி.ம.வால் பெருக்குங்கள். 1, −5/2, 1 என்ற கோவையை அப்படியே வைத்து ±1 மட்டும் சோதித்தால் மூலமே இல்லை என்று தோன்றும். 2ஆல் பெருக்கி 2, −5, 2 ஆக்கினால் 2, 1/2 இரண்டும் வெளியே வரும்.

இணை மூலங்களுக்கும் இதே கவனம் வேண்டும். கெழுக்கள் விகிதமுறு எண்களாக இருந்தால் 2 + √3 ஒரு மூலமாகும்போது 2 − √3உம் மூலமாகும். கூட்டுத்தொகை 4, பெருக்கல் பலன் 1, ஆகவே கோவைக்கு 1, −4, 1 ஒரு காரணி. நிபந்தனையை நீக்கினால் எக்ஸ் − √2 என்ற சின்னக் கோவையே இதை உடைத்துவிடும்: அதற்கு √2 மூலம், −√2 மூலமல்ல.

சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தின் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றாவதாக எழுதிய, நிரூபணத்தைத் தாங்கும் வரியை புத்தகத்தை மூடிவைத்து முழு நிரூபணமாக விரித்து எழுதிப் பழகவேண்டும். அங்கே நிரூபணம் எழுதும் வினாக்களும் உண்டு. ஒரு வாரம் கழித்து அதே நிரூபணத்தை மறுபடி எழுதுங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ, அந்த வரிக்கான நிபந்தனையை மேலே போய்ப் பாருங்கள்.